காற்று இல்லாத டயர்: நம் சாலையில் ஓட்டலாமா?

காற்று அடிக்க வேண்டாம். பஞ்சர் ஆகாது. வெடிக்காது. ஸ்டெப்னி தேவை இல்லை.

இப்படி ஒரு டயர் வந்திருக்கிறது. அதன் படம் ஊர் ஊராகச் சுற்றுகிறது. படத்தைப் பார்த்தவர்கள் வியக்கிறார்கள். டயரின் பக்கவாட்டில் மூடிய சுவர் இல்லை. ஆரக்கால் போன்ற பட்டைகள் இருக்கின்றன. ஒரு பக்கம் பார்த்தால் மறுபக்கம் தெரிகிறது. உள்ளே காற்று கிடையாது!

இதை வாங்கி நம் காரில் மாட்டலாமா? மாட்டினால் பத்திரமா? போலீஸ்காரர் தடுத்தால் என்ன பதில் சொல்வது? கார் வைத்திருக்கும் குடும்பம் எல்லாம் கேட்கும் கேள்வி இது.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். இன்றைய இந்தியச் சட்டப்படி மாட்டக் கூடாது. சொந்தக் காரில் மாட்டும் அளவுக்கு அந்த டயர் இன்னும் கடைக்கும் வரவில்லை. காரணங்களைப் பார்ப்போம்.

கயத்தாறு சாலை

கயத்தாறு என்றதும் கட்டபொம்மன் நினைவு வரும். 1799-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி அந்த வீரன் தூக்கிலிடப்பட்ட ஊர் இது. அந்த ஊரை ஒட்டி இன்று நாலுவழிச் சாலை போகிறது. காஷ்மீரத்து ஸ்ரீநகரில் தொடங்கி கன்னியாகுமரியில் முடியும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை அது.

கோவில்பட்டி தீப்பெட்டியும், கடலைமிட்டாயும், பஞ்சு மூட்டையும் இந்தச் சாலையில்தான் போகின்றன. திருச்செந்தூர் போகிறவர்கள், கல்யாணத்துக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எல்லோரும் இதில் போகிறார்கள்.

இரு பக்கமும் கரிசல் காடு. நிழல் குறைவு. கோடையில் வெயில் 100 டிகிரியைத் தாண்டும். சாலையின் தார் அதைவிடச் சூடாக இருக்கும். நெடுஞ்சாலையை விட்டுக் கிராமத்துப் பாதையில் இறங்கினால் சீமைக்கருவேல முள் காத்திருக்கும்.

சூடு, வேகம், முள். டயருக்கு மூன்று எதிரிகள். மூன்றும் இங்கே உண்டு. அதனால்தான் "காற்றே வேண்டாம்" என்ற செய்தி இந்தப் பக்கத்து மக்களுக்கு இனிக்கிறது.

ஓடுகிற கார் சாலையைத் தொடும் இடம் எவ்வளவு தெரியுமா? ஒவ்வொரு டயருக்கும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம். நாலு டயருக்கும் சேர்த்து நாலு உள்ளங்கை. ஒரு குடும்பத்தின் உயிர் அந்த நாலு உள்ளங்கையில் இருக்கிறது. 2022-ல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கு இது. எல்லாம் டயரால் வந்தது அல்ல. ஆனால் டயர் விஷயத்தில் விளையாடக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

மூன்று பெயர், மூன்று பொருள்

டயர் கடைகளில் இப்படிப் பேச்சு நடப்பது உண்டு.

"அண்ணாச்சி, காத்தே வேண்டாத டயர் வந்துட்டாம்லா! நம்ம காருல இருக்கது அதுதானா?"

"இல்ல தம்பி. உங்க காருல இருக்கது டியூப்லெஸ். உள்ள டியூப் கிடையாது. ஆனா காத்து உண்டு. நீங்க சொல்லுதது வேற."

அண்ணாச்சி சொல்வதே சரி. பலர் இதில் குழம்புகிறார்கள்.

டியூப்லெஸ் டயரில் டியூப் இல்லை, காற்று உண்டு. டயரும் சக்கரமும் இறுக்கமாகப் பொருந்தி, காற்றை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கின்றன. ஆணி குத்தினால் காற்று மெதுவாக இறங்கும். ஓரம் கட்ட நேரம் கிடைக்கும்.

ரன்-ஃபிளாட் டயரிலும் காற்று உண்டு. அதன் பக்கச் சுவர் மிகக் கெட்டியானது. காற்று போனாலும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓட்டலாம். பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகாமல், 80 கிலோமீட்டர் தூரம் வரை என்று சொல்வார்கள்.

ஏர்லெஸ் டயரில்தான் காற்றே கிடையாது. வளைந்து நிமிரும் பட்டைகள் வண்டியின் பாரத்தைத் தாங்குகின்றன. நாம் பேசுவது இதைப் பற்றி.

முதல் இரண்டும் சட்டப்படி காற்றடைத்த டயர்கள். அவற்றை மாட்டத் தடை இல்லை. மூன்றாவதில்தான் சிக்கல்.

காற்று வந்த கதை

காற்று இல்லாத சக்கரம் புதிது அல்ல. நம் மாட்டு வண்டிச் சக்கரம் அதுதானே! மரச் சக்கரம். அதன் மேல் இரும்புப் பட்டை. பஞ்சரும் இல்லை, வெடிப்பும் இல்லை. ஆனால் வண்டியில் போகிறவரின் எலும்பு குலுங்கும். மழை பெய்தால் கரிசலில் சக்கரம் புதைந்துவிடும். பிறகு காற்றடைத்த டயர் போட்ட "டயர் வண்டி" வந்தது. மாட்டுக்கும் சுமை குறைந்தது; ஆளுக்கும் அலுப்புக் குறைந்தது.

மேல்நாட்டிலும் இதே கதைதான். முதல் கார்களில் கெட்டி ரப்பர் டயரும் இருந்தது. 1845-ல் ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். உலகம் அதை மறந்துவிட்டது. அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் என்ற மாட்டு வைத்தியர் இருந்தார். தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓடட்டும் என்று அவர் காற்றடைத்த டயர் செய்தார். 1888-ல் காப்புரிமையும் பெற்றார்.

காருக்கு அதை மாட்டிப் பார்த்தவர்கள் பிரான்சு நாட்டின் மிஷ்லின் சகோதரர்கள். 1895-ல் பாரிசிலிருந்து போர்டோ போய்த் திரும்பும் பந்தயத்தில் அவர்கள் ஓட்டினார்கள். பஞ்சர் மேல் பஞ்சர்! குறித்த நேரத்துக்குள் வந்து சேர முடியவில்லை. பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் கடைசியில் வென்றது காற்றுதான்.

ஏன் வென்றது? காற்று லேசானது. கல் மேல் ஏறினால் அமுங்கிக்கொடுக்கும், இறங்கினால் நிமிரும். பாரத்தைச் சமமாகப் பங்கிடும். காசும் குறைவு. இத்தனை நல்ல குணமும் ஒன்றாக உள்ள வேறு பொருள் நூறு வருடமாகக் கிடைக்கவில்லை.

காற்றின் குறையும் எல்லோருக்கும் தெரியும். அது கசியும். முள் குத்தினால் ஓடிவிடும். காற்றுக் குறைந்த டயர் அதிகமாக வளையும். வளைய வளையச் சூடேறும். சூடேறிய டயர் வேகத்தில் கிழியும். நெடுஞ்சாலையில் "டயர் வெடித்தது" என்று நாம் படிக்கும் செய்திகள் பலவற்றின் பின்னால் இந்தக் காரணம் ஒளிந்திருக்கும்.

புதிய டயர் எங்கே ஓடுகிறது?

இந்தக் குறையைப் போக்கப் பெரிய கம்பெனிகள் பல வருடமாக முயல்கின்றன. அன்று காற்றடைத்த டயரைப் பிரபலமாக்கிய அதே மிஷ்லின் கம்பெனி, 2005-ல் காற்று இல்லாத டயரைக் காட்டியது. அதன் பெயர் ட்வீல். தொடக்கத்தில் அது வேகத்தில் அதிர்ந்தது, இரைச்சலும் போட்டது. இன்று அது புல் வெட்டும் இயந்திரம், மண் அள்ளும் சிறு வண்டி போன்றவற்றுக்குப் பயன்படுகிறது.

2019 ஜூன் மாதம் அதே கம்பெனி கார்களுக்கு அப்டிஸ் என்ற டயரைக் காட்டியது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கார் கம்பெனி கூட்டுச் சேர்ந்தது. கண்ணாடி இழையும் பிசினும் கலந்த பட்டைகள் பாரத்தைத் தாங்கும். "2024-லேயே கார்களில் வரலாம்" என்றார்கள். 2024 வந்தது, போனது. நாம் கடைக்குப் போய்க் காருக்கு வாங்கும்படி அது வரவில்லை.

ஆனால் சோதனை ஓட்டம் நடந்தது. 2023-ல் சிங்கப்பூரில் டி.எச்.எல். கம்பெனியின் பார்சல் வேன்களில் இந்த டயரை மாட்டினார்கள். பிரான்சில் தபால் வேன்களில் மாட்டினார்கள். ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் கம்பெனி 2024-ல் டோக்கியோவை அடுத்த கோடைரா நகரின் பொதுச் சாலையில் தன் டயரைச் சோதித்தது.

ஒன்றைக் கவனியுங்கள். பார்சல் வேன், தபால் வேன் என்றால் தெரிந்த தெரு, தெரிந்த பாரம். மாலையில் வண்டி திரும்பி வந்ததும் டயரைப் பார்க்க ஆள் உண்டு. மே மாத வெயிலில், ஏழு பேரையும் மூட்டை முடிச்சையும் ஏற்றிக்கொண்டு, மதுரையிலிருந்து நாகர்கோவிலுக்கு நிற்காமல் பறக்கும் கார் வேறு. அங்கே தேறியது இங்கேயும் தேறும் என்று எண்ணிவிட முடியாது.

சட்டம் சொல்வது என்ன?

இந்தியாவில் வண்டிகளுக்கு 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் 1989-ல் மத்திய மோட்டார் வாகன விதிகள் வந்தன. அவற்றில் 94-வது விதி டயரைப் பற்றியது.

மோட்டார் வாகனத்துக்குக் காற்றடைத்த டயர்தான் மாட்ட வேண்டும் என்கிறது அந்த விதி. மாட்டினால் மட்டும் போதாது. காற்று சரியாக இருக்க வேண்டும். டயர் நல்ல நிலையில் இருக்க வேண்டும். உள்நூல் தெரியும்படி தேய்ந்த டயர் கூடாது. வீங்கிய டயர் கூடாது. சாலை போடும் உருளை போன்ற கட்டுமான வண்டிகளின் கதை வேறு. நம் கார் அந்தக் கணக்கில் வராது.

அடுத்தது தர முத்திரை. மோட்டார் வண்டி டயர்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று 2009-ல் மத்திய அரசாங்கம் ஆணை போட்டது. அந்த ஆணையின் பெயரிலேயே "காற்றடைத்த டயர்" என்று இருக்கிறது. 2022-ல் டயர் ஈரச் சாலையில் எவ்வளவு பிடிக்க வேண்டும், எவ்வளவு இரைச்சல் போடலாம், எவ்வளவு எளிதாக உருள வேண்டும் என்றும் விதி வந்தது. எல்லாம் காற்றடைத்த டயரை மனதில் வைத்து எழுதியவை.

மூன்றாவது, வண்டியை மாற்றுவது பற்றிய சட்டம். வண்டியின் அமைப்பைத் தயாரித்த கம்பெனியின் விவரத்துக்கு மாறாக மாற்றக் கூடாது என்கிறது 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிப்படுத்தியது. அதே வருடம் வந்த சட்டத் திருத்தம், அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சொல்கிறது.

கம்பெனி சொன்ன அளவில் வேறொரு கம்பெனியின் நல்ல டயரை மாட்டினால் பயம் இல்லை. காற்றே இல்லாத டயரை மாட்டினால் கதை வேறு. 94-வது விதி ஒரு பக்கம் பிடிக்கும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கேள்வி கேட்கவும் வழி பிறக்கும்.

வெளிநாடுகளிலும் ஏறக்குறைய இதே நிலைதான். ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் ஐ.நா. கார் டயர் விதி, காற்றடைத்த டயரைப் பற்றியே பேசுகிறது. அமெரிக்காவில் காற்று இல்லாத கார் டயருக்கு ஒரு தனி விதி உண்டு. ஆனால் அது பஞ்சரானால் கொஞ்ச தூரம் ஓட்டும் தற்காலிக ஸ்டெப்னிக்காக எழுதப்பட்டது.

ஆபத்து எங்கே இருக்கிறது?

"வெடிக்காத டயரில் என்ன ஆபத்து?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

வெடிப்பு இல்லை என்பது உண்மை. ஆனால் டயரின் வேலை வெடிக்காமல் இருப்பது மட்டுமா? பிரேக் போட்டால் நிற்க வேண்டும். மழையில் வழுக்கக் கூடாது. வளைவில் பிடி விடக் கூடாது. ஓர் ஆளோடும் ஓட வேண்டும். ஏழு ஆளோடும் ஓட வேண்டும்.

காற்றில்லா டயரின் பட்டைகள் ஒரு சுற்றுக்கு ஒரு முறை வளைந்து நிமிர்கின்றன. நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு எழுநூறு, எண்ணூறு முறை! இதில் பிறக்கும் சூடு எங்கே போகும்? பட்டை பல வருடம் தளராமல் இருக்குமா? கல் உள்ளே சிக்கினால் என்ன ஆகும்?

நம் கரிசல் மண்ணை எண்ணிப் பாருங்கள். மழைக்காலத்தில் செருப்பில் ஒட்டினால் காலைத் தூக்க முடியாது. அந்தச் சேறு ஒரு சக்கரத்தின் பட்டைகளுக்குள் அடைத்துக் காய்ந்தால், அந்தச் சக்கரம் மட்டும் கனக்கும். கனம் மாறிய சக்கரம் வேகத்தில் உதறும். சிங்கப்பூர்த் தெருவில் இந்தச் சோதனை நடக்காது. அதை இங்கேதான் நடத்த வேண்டும்.

இன்னொரு ஆபத்து இதைவிடப் பெரியது. குழாயை வெட்டி வைத்தும், ரப்பரை அடுக்கியும் சிலர் வீட்டிலேயே "காற்றில்லா டயர்" செய்கிறார்கள். அதைக் காரில் மாட்டி ஓட்டிப் படம் பிடித்துப் போடுகிறார்கள். அது வேடிக்கை. அதை நம்பிச் சாலைக்கு வருவது விபரீதம். அதை ஓட்டுபவருக்கு மட்டும் ஆபத்து அல்ல. எதிரே வரும் பள்ளிக்கூட வேனுக்கும் ஆபத்து.

கயத்தாறு காட்டும் வழி

அப்படியானால் இந்த டயரை என்றைக்குமே தடுத்துவைக்க வேண்டுமா? வேண்டாம். 1989-ல் விதி எழுதியபோது காருக்குக் காற்றடைத்த டயரை விட்டால் வேறு நல்ல டயர் இல்லை. அதனால் அப்படி எழுதினார்கள். நாளை நல்ல மாற்று வந்தால் விதியும் மாற வேண்டும். 2020-ல் அப்படி ஒரு மாற்றம் வந்தது. டியூப்லெஸ் டயரும், காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவியும், பஞ்சர் ஒட்டும் சாமானும் இருந்தால் சிறிய கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயம் இல்லை என்று அரசாங்கம் விதியைத் தளர்த்தியது.

ஆனால் முதலில் சோதனை, பிறகுதான் அனுமதி. இதற்குக் கயத்தாறிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

கயத்தாறைச் சுற்றிலும் காற்றாலைகள் சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே மத்திய அரசாங்கத்தின் தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் ஒரு சோதனை நிலையம் வைத்திருக்கிறது. காற்றாலையை நம் நாட்டுக் காற்றில் ஓடவிட்டு அளந்து பார்க்கிறார்கள். எவ்வளவு மின்சாரம் தருகிறது? பாரத்தைத் தாங்குகிறதா? ஆபத்து வந்தால் நிற்கிறதா? தயாரித்த கம்பெனியின் வாய்ச்சொல்லை மட்டும் நம்புவதில்லை.

காற்றாலைக்குச் செய்வதைக் காற்றில்லா டயருக்கும் செய்யலாம். சென்னைக்கு அருகே ஒரகடத்தில் மோட்டார் வண்டிகளைச் சோதிக்கும் மத்திய அரசாங்கக் கூடம் இருக்கிறது. பூனாவில் இருக்கிறது. இந்தூருக்கு அருகே வேகச் சோதனை ஓடுபாதை இருக்கிறது. அங்கே சூட்டிலும், மழையிலும், முழுப் பாரத்திலும் ஓட்டிப் பார்க்கட்டும். கரிசல் சேற்றிலும் ஓட்டிப் பார்க்கட்டும். தேறினால் அதற்கென்று ஒரு தரம் வகுத்து, முத்திரை கொடுத்து, விதியைத் திருத்தட்டும். அதற்குப் பிறகு தாராளமாக வாங்கலாம்.

முள்காட்டுப் பாதையில் நடு இரவில் பஞ்சராகி நிற்கும் ஆம்புலன்சை எண்ணிப் பாருங்கள். காற்றில்லா டயர் தேறினால் அதற்கு எவ்வளவு பெரிய உதவி! ஆகவே அரசாங்கம் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடவும் கூடாது.

அதுவரை நாம் செய்ய வேண்டியது

காற்று உள்ள டயரை ஒழுங்காகக் கவனித்தாலே பாதி ஆபத்து விலகும். செலவு அதிகம் இல்லை.

1. மாதம் ஒரு முறை காற்றைப் பாருங்கள். நீண்ட பயணத்துக்கு முன்பும் பாருங்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பதே சரி. ஓடிச் சூடான டயர் கூடுதல் அளவு காட்டும். அதைப் பார்த்துக் காற்றைப் பிடுங்கிவிடாதீர்கள்.

2. எவ்வளவு காற்று வேண்டும் என்பதை டிரைவர் பக்கத்துக் கதவு ஓரத்தில் ஒட்டியிருப்பார்கள். பல கார்களுக்கு 30 முதல் 35 பி.எஸ்.ஐ. வரை இருக்கும். உங்கள் காருக்கு எழுதியிருப்பதே கணக்கு. முழுப் பாரத்துக்குத் தனி அளவு இருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

3. டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் டயரை மாற்றுங்கள். பள்ளத்துக்குள் சிறு மேடு இருக்கும். தேய்ந்து தேய்ந்து டயர் அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது.

4. டயரின் பக்கத்தில் நாலு எண் இருக்கும். 2321 என்று இருந்தால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய டயரை வாங்காதீர்கள்.

5. பக்கச் சுவரில் வெட்டு, வீக்கம் இருந்தால் ஒட்டுப் போட்டு ஓட்டாதீர்கள்.

6. ஓடும்போது டயர் வெடித்தால் பதறிப் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஸ்டீரிங்கை இரு கையாலும் இறுகப் பிடியுங்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள். வேகம் தானாகக் குறைந்த பிறகு ஓரம் கட்டுங்கள்.

யாராவது வந்து "காற்றில்லா டயர் இருக்கிறது, காருக்கு மாட்டித் தருகிறேன்" என்றால் இரண்டே கேள்வி கேளுங்கள். "இந்தியச் சாலைக்கு இதற்கு அனுமதி உண்டா? ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா?"

இரண்டுக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால் பணத்தைப் பையில் வையுங்கள். அந்தப் பணத்தில் நல்ல டயர் இரண்டு வாங்கலாம். காற்று அடிக்க ஐந்து நிமிடம் போதும்.